பின்விளக்கும் ஒரு ‘டக்’ சத்தமும்

“இந்த உலகத்துல யார் மேலயாவது உனக்குச் சந்தேகம் இல்லாம இருக்கா?”

சைக்கிள் கடைக்காரர் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது எனக்குப் பத்து வயது. கடையில் எரிந்த அத்தனை விளக்குகளையும் அணைக்கும்படி அவரிடம் சொல்லியிருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கோடையில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் வந்துவிடும். குளிர்காலத்திலோ கும்மிருட்டு. போகும் வழி கால்வாயை ஒட்டிய சாலை. ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது.

அம்மா சைக்கிளை மிதிப்பாள். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொள்வேன். சலவைக்கூடத்தின் இஸ்திரி மேசைப் பக்கம் எப்போதும் கதகதப்பாக இருக்கும். அங்கேயே வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, எட்டு மணிக்கு அடுத்த தெருவில் இருந்த பள்ளிக்கு நடந்து போவேன்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில், ஒரு லாரி எங்களை உரசுவதுபோல் போனது. அம்மா சைக்கிளைச் சட்டென்று ஓரம் ஒடித்ததில் அவள் முழங்கை சிராய்த்துவிட்டது.

“லாரிக்காரரைச் சொல்லிக் குத்தமில்ல. நம்மள அவருக்குத் தெரியவே இல்ல” என்றாள் அம்மா. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நான் மதிய ஷிஃப்டுக்கு மாறிடுவேன்.”

மதிய ஷிஃப்ட் என்றால், அம்மா திரும்பி வரும்போது நான் தூங்கிப் போயிருப்பேன். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துப் பேசிக்கொள்வதற்கு நாங்கள் என்ன விருந்தாளிகளா?

அதனால்தான் சைக்கிள் கடைக்கு வந்திருந்தோம்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு முன்விளக்கை எடுத்து எரியவிட்டார்.

“இதைப் பாருங்க, சூரியன் மாதிரி. நேத்துகூட ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்.”

“கடை வெளிச்சத்துல எல்லா விளக்கும் நல்லாத்தான் தெரியும். லைட்டை அணைச்சுட்டுக் காட்டுங்க” என்றேன்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள் அம்மா. “பொறந்த அன்னைக்கே டாக்டரை மேலயும் கீழயும் பார்த்தவ இவ. வீட்டுல இவளுக்குப் பேரே சந்தேகப் பெட்டிதான்.”

கடைக்காரர் முணுமுணுத்தபடி விளக்குகளை அணைத்தார். கதவையும் சாத்தினார்.

இருட்டில் அந்தச் சூரியன் சுவரில் ஒரு பொட்டு அளவுக்கு விழுந்தது. அவ்வளவுதான். இரண்டாவது விளக்கு நேராகக் கடைக்காரரின் கண்ணில் போய் அடித்தது.

“அம்மாடி, கண்ணு கண்ணு” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது பார்க்கச் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. ஆனால் அதன் வெளிச்சம் தரையோடு தரையாகப் பரவியது. நான்கடி தூரத்தில் கிடந்த ஒரு சின்ன ஆணிகூடத் தெரிந்தது.

“இதுதான்” என்றேன்.

பின்பக்கத்துக்கு ஒரு சிவப்பு விளக்கும் வாங்கினோம். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் விட்டுவிட்டு மினுக்கும். இரண்டுமுறை அமுக்கினால் நின்று எரியும்.

“மினுக்க விடுங்க. லாரிக்காரங்க கண்ணுல அதுதான் சீக்கிரம் படும்” என்றார் கடைக்காரர். அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

நான்கு நாட்கள் நிம்மதியாகப் போயின. ஐந்தாம் நாள் காலையில் அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஏதோ சைக்கிளின் பெடல், செயின் மூடியில் தட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். இருட்டு. ஒரு விளக்கும் இல்லை.

“அம்மா, நிறுத்து. ஷூ கழண்டுடுச்சு” என்றேன்.

அம்மா நிறுத்தினாள். ‘டக்’ நின்றது.

ஷூவைச் சரிசெய்வதுபோல் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அம்மா மறுபடி மிதித்தாள்.

டக்... டக்...

யாரோ எங்களைப் பின்தொடர்கிறார்கள். அதுவும் விளக்கில்லாமல். நல்லவராக இருந்தால் ஏன் ஒளிந்து வர வேண்டும்?

அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். உடனே மூடிக்கொண்டேன். சொன்னால் அன்றைக்கே மதிய ஷிஃப்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள்.

அன்று முழுக்கப் பார்த்தவர்கள் மேலெல்லாம் சந்தேகம் வந்தது. கடையை இருட்டாக்கிய கோபத்தில் கடைக்காரரே வருகிறாரோ? பள்ளி வாசலில் நிற்கும் காவலாளியைக்கூட ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தேன். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘இடி’. மணி அடித்த பிறகு வருபவர்களைப் பார்த்து அவர் போடும் சத்தத்தில் பக்கத்து மரத்துக் காக்காய்கள் பறந்துவிடும்.

“என்ன முறைக்கிறே? உள்ளே போ” என்று முழங்கினார். போய்விட்டேன். இவருக்கு ஒளிந்து வரத் தெரியாது. இருமினாலே ஊருக்குக் கேட்கும். அவரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

அடுத்த நாள் கேரியரில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

“என்னடி இது புதுசா?”

“காத்து மூஞ்சியில அடிக்குதும்மா.”

கால்வாய்ச் சாலைக்குள் நுழைந்ததுமே சத்தம் வந்துவிட்டது. டக்... டக்... பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் சிவப்பு விளக்கு மினுக்கும்போதெல்லாம் தூரத்தில் ஏதோ கறுப்பாக அசைந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த விளக்கை வைத்துத்தானே நாம் போகும் இடம் அந்த ஆளுக்குத் தெரிகிறது? விளக்கு தெரியாவிட்டால் எப்படித் தொடர முடியும்?

கேரியருக்குக் கீழே கையை விட்டு, விளக்கை உள்ளங்கையால் பொத்தினேன்.

டக்... டக்... ட...

அப்புறம் தடதடவென்று ஒரு சத்தம். தொடர்ந்து சளக் என்று ஒன்று. கடைசியாக, “அய்யய்யோ” என்று ஒரு குரல். அந்தக் குரலுக்குக் கால்வாயோரத்துப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

அம்மா சைக்கிளை நிறுத்தித் திருப்பினாள். எங்கள் சோப்பு டப்பா விளக்கின் வெளிச்சம் தரையில் ஊர்ந்துபோய்ச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே இடுப்பளவு புல். புல்லுக்குள் ஒரு சைக்கிள். அதற்கு அடியில் ஒரு மனிதர்.

இடி.

“அண்ணே, நீங்களா?” அம்மா ஓடிப்போய்ச் சைக்கிளைத் தூக்கினாள். “அடி ஏதும் பட்டுச்சா?”

“ஒண்ணுமில்லம்மா. சேறுதான்.” அவர் எழுந்து உட்கார்ந்தார். எப்போதும் இல்லாதபடி மெதுவாகப் பேசினார். “கேட்டைத் திறக்க நான் ஆறு மணிக்குப் போகணும். புதுசா விளக்கு வாங்கினேன். சூரியன் மாதிரின்னு சொன்னான். அஞ்சாறு நாள்லயே அணைஞ்சுபோச்சு. அதான் உங்க விளக்கைப் பார்த்துட்டே வந்தேன்.”

“ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?”

“இருட்டுல ஆம்பளைக் குரல் கேட்டா பயப்படுவீங்களேன்னுதான், நீங்க நின்னா நானும் நின்னேன். உங்க விளக்கு வேற மினுக்கி மினுக்கி எனக்குத் தலையே சுத்துது. ஆனா இன்னைக்கு ஏன் திடீர்னு அணைஞ்சுது?”

இருவரும் விளக்கைப் பார்த்தார்கள். அது நன்றாக மினுக்கிக்கொண்டிருந்தது.

என் காது சூடானது. “நான்தான் கையால மூடினேன். யாரோ பின்தொடர்றாங்கன்னு நினைச்சேன். மன்னிச்சுடுங்க மாமா.”

பெரிய இடி ஒன்றை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நானா இருந்தாலும் மூடித்தான் இருப்பேன்” என்றார் அவர். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். “நான் இருட்டுக்குப் பயந்து உங்க பின்னாடி வந்ததைப் பள்ளிக்கூடத்துல சொல்லிடாதே. அப்புறம் ஒருத்தனும் நேரத்துக்கு வரமாட்டான்.”

ஆனால் அம்மா என்னை விடவில்லை. “ஆள் வர்றது தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா மதிய ஷிஃப்டுக்குப் போயிடுவியே.”

“போகாம? இந்த ரோட்டுல என்னென்னமோ நடக்குது. இன்னைக்கே எழுதிக் கொடுக்கத்தான் போறேன்.”

எனக்கு அழுகை வந்தது. எதையாவது பார்க்கலாமென்று இடி மாமாவின் சைக்கிளைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். அதன் பின்னால் விளக்கே இல்லை.

“அம்மா, லாரி பின்னாலிருந்துதானே வரும்? முதல்ல மாமாதானே மாட்டுவார்? அவர் பின்னால மினுக்குற விளக்கை வெச்சுட்டா லாரிக்காரருக்குத் தூரத்திலேயே தெரியும். நம்ம விளக்கை நின்னு எரியவிட்டா மாமாவுக்கு வழி தெரியும், தலையும் சுத்தாது. ஒரு விளக்குக்கு ஒதுங்காத லாரி ரெண்டு விளக்குக்கு ஒதுங்காதா?”

அம்மா இடி மாமாவைப் பார்த்தாள். அவர் தலையிலிருந்த புல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாரம் பார்ப்போம்” என்றாள் அம்மா. “ஒரே ஒரு வாரம்.”

அன்று மாலை மூவரும் சைக்கிள் கடைக்குப் போனோம். இடி மாமா அணைந்துபோன சூரியனை மேசையில் வைத்தார்.

“வித்த பொருளைத் திருப்பி எடுக்கிறதில்லையே” என்று இழுத்தார் கடைக்காரர்.

“சரி” என்றேன். “கடை லைட்டை ஒரு நிமிஷம் அணைங்க. இது எப்படி எரியுதுன்னு வந்திருக்கிற எல்லாரும் பார்க்கட்டும்.”

கடையில் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

“வேண்டாம் தாயே” என்று கடைக்காரர் அவசரமாகச் சோப்பு டப்பா விளக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். மாமா கூடவே ஒரு பின்விளக்கும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் பொத்தானை இரண்டுமுறை அமுக்கினேன். எங்கள் விளக்கு நின்று எரிந்தது. பின்னால் டக்... டக்... இந்தமுறை வெளிச்சத்தோடு வந்தது. பாதி வழியில் ஒரு லாரி வந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்து, எங்களை விட்டு நன்றாக ஒதுங்கிப் போனது. அம்மாவின் தோள் இறுக்கம் விட்டுத் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

வாரம் முடிந்தது. மதிய ஷிஃப்ட் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை.

எனக்குத்தான் புதிதாக ஒரு சந்தேகம். மாமாவுக்கு இப்போது நல்ல முன்விளக்கு இருக்கிறது. தரையில் கிடக்கும் ஆணிகூடத் தெரியும். தனியாளாக வேகமாக மிதித்துப் போய்விடலாம். ஆனாலும் தினமும் எங்கள் பின்னாலேயே மெதுவாக வருகிறார்.

சலவைக்கூடத்து வாசலில் இறங்கியதும் அவரைக் கேட்டேவிட்டேன்.

“மாமா, உங்க விளக்குதான் நல்லா எரியுதே. இன்னும் ஏன் எங்க பின்னாடியே வர்றீங்க?”

அவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். தன் பின்விளக்கு சரியாக மினுக்குகிறதா என்று குனிந்து பார்த்தார். கையுறையால் அதன் மேலிருந்த சேற்றைத் துடைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து மிதித்துப் போய்விட்டார்.

டக்... டக்... டக்...