அண்ணியின் கர்ப்பப்பை எங்கே?

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவரின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

இரண்டாவது சொட்டு கன்னத்தில்.

மூன்றாவது, பல் டாக்டரின் கையுறையில்.

சிவப்பு.

படுத்திருந்தவர் அலற நினைத்தார். வாய் நிறையப் பஞ்சு. அதனால் பல் டாக்டர் அலறினார்.

காலை ஒன்பதே கால். காவல் நிலையத்தில் போன் அடித்தது.

"சார்... மேல் மாடியிலேருந்து ரத்தம் சொட்டுது."

"எவ்வளவு?"

"ரெண்டாவது வாளி வச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மேல் மாடி. பூட்டு உடைக்கப்படவில்லை. தள்ளியதும் கதவு திறந்தது. நீளமான அறை. மேஜைகளில் குழாய்கள், ஸ்க்ரூடிரைவர்கள், பாதி பிரித்த பம்புகள். தரை முழுவதும் சிவப்பு.

நடு மேஜையில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். மார்பிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி. முகத்தில் பதற்றம் இல்லை. கண்கள் திறந்திருந்தன.

ஏட்டு குனிந்து விரலால் தொட்டார்.

"சார், இது உறையவே இல்லை."

"முகர்ந்து பாருய்யா."

ஏட்டு முகர்ந்தார். திருப்தி இல்லை. நாக்கில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"இனிக்குது சார்."

"சர்க்கரை வியாதிக்காரியா இருக்கும். எழுதிக்க."

வாசலில் சத்தம். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, பின்னால் ஓர் இளைஞன். அவள் உள்ளே பார்த்தாள். கையில் இருந்த சாவி கீழே விழுந்தது.

"அண்ணி..." என்றான் இளைஞன்.

"நீங்க யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் இன்ஜினீயர். இது என்னோட லேப். இவன் என் தம்பி."

"செத்தது உங்க அண்ணியா? அண்ணன் எங்க?"

"எங்களுக்கு அண்ணன் இல்லை சார்," என்றான் தம்பி.

ஏட்டு எழுதியதை அடித்தார்.

"வயசு?"

"ஆறு."

அதையும் அடித்தார்.

"குழந்தைங்க?"

"ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு," என்றாள் இன்ஜினீயர். "நேத்து சாயங்காலம் வரைக்கும்."

ஏட்டு பேனாவை மூடினார்.

இன்ஸ்பெக்டர் மெல்ல நடந்து போய் இறந்தவளின் கன்னத்தை அழுத்தினார். உள்ளே போய்த் திரும்பி வந்தது. ரப்பர்.

"பொம்மையா?"

"அவ முன்னாடி அப்படிச் சொல்லாதீங்க சார். இத்தனை பிரசவம் கண்டவளை நாங்க அண்ணின்னுதான் கூப்பிடறோம்," என்றான் தம்பி.

"யோவ், ஏட்டு. கிளம்பு."

"சார், ஒரு நிமிஷம்..." இன்ஜினீயர் வெள்ளைத் துணியை விலக்கினாள். அண்ணியின் அடிவயிறு கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே வெறும் குழி. ஒரு குழாய் மட்டும் தொங்கியது. அதன் நுனியில் கடைசிச் சொட்டு.

"கர்ப்பப்பையைக் காணோம்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் நின்றார். இருபத்தோரு வருட சர்வீஸில் சங்கிலி காணோம், சைக்கிள் காணோம், ஒரு தடவை மாமனாரைக் காணோம். இது புதிது.

"அதை எவன் எடுப்பான்?"

"அதான் சார் புரியலை." அவள் மேஜையிலிருந்து ஒரு பலூனை எடுத்தாள். கைப்பிடி அளவு. அடியில் நீளக் குழாய். "குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கணும். சுருங்கலைன்னா ரத்தம் நிக்காது. ஆள் போயிடுவா. இந்த பலூனை உள்ள வச்சு தண்ணி ஏத்தினா, சுவரை அழுத்திப் பிடிச்சுக்கும். ரத்தம் நின்னுடும்."

"நிக்குதா?"

"கடைசி அறுநூறு தடவையும் நின்னிருக்கு. ஒண்ணுகூடத் தவறலை. இன்னிக்கு நாலு மணிக்குக் கமிட்டி வருது. அண்ணி மேல செஞ்சு காட்டணும். அவங்க சரின்னா அடுத்த மாசமே நாப்பது ஆஸ்பத்திரிக்குப் பலூன் போகும்."

"இல்லைன்னா?"

"லேபை மூடிடுவாங்க. ஆறு வருஷம் சார்..."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்க ரெண்டு பேர்கிட்ட. அப்புறம் சிஸ்டர்கிட்ட."

சிஸ்டர் பத்து மணிக்கு வந்தார். பிரசவ வார்டில் முப்பது வருடமாக நர்ஸ் வேலை பார்ப்பவர். வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்து பலூனைப் பொருத்திப் பார்ப்பார். வெள்ளைச் சீருடை. தோளில் பெரிய பை. அண்ணியைப் பார்த்தார். அதிர்ச்சி அடையவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார்.

இன்ஸ்பெக்டர் மூவரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"ஒரே ஒரு கேள்வி. இவ வயித்துலேருந்து கர்ப்பப்பையை எடுக்கணும்னா நீங்க எப்படி எடுப்பீங்க?"

"முதுகுல நாலு ஸ்க்ரூ இருக்கு," என்றாள் இன்ஜினீயர். "கழட்டினா அப்படியே வந்துடும்."

"நீ?"

"நான் ஸ்க்ரூ பக்கமே போக மாட்டேன் சார்." சிலிகோன் ரப்பர் ஊற்றி உறுப்புகளை வார்ப்பது தம்பியின் வேலை. "விலாப் பக்கம் நான் ஒட்டின இடம் இருக்கு. அதுல பிளேடு விடுவேன். திரும்ப ஒட்டறது சுலபம்."

"சிஸ்டர்?"

சிஸ்டர் தோளில் இருந்த பையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் துணியை விலக்கினார். தொப்புளுக்குக் கீழே, குறுக்காக, ஒரு சாண் நீளம். சிரிப்பது போல லேசாக வளைந்த வெட்டு.

"யோவ், உன் வீட்டுல ரெண்டு பிரசவமும் ஆபரேஷன்தானே? தழும்பு எப்படிய்யா இருக்கும்?"

ஏட்டுக்குக் காது சிவந்தது. "இதே மாதிரி சார். இதே இடம்."

"ஸ்க்ரூ இருக்கு. ஒட்டு இருக்கு. ரெண்டையும் விட்டுட்டு ஒருத்தர் சிசேரியன் பண்ணியிருக்காங்க. பண்ணிட்டு, முட்டி வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருக்காங்க. எந்தக் கொலைகாரன் சார் போர்த்திட்டுப் போறான்?"

'சார்' என்று ஏட்டைச் சொன்னார். உற்சாகம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.

சிஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"போர்த்தாம விட முடியுமா? ஆம்பளைங்க வந்து போற இடம்."

"சிஸ்டர்... நீங்களா?" என்றாள் இன்ஜினீயர்.

"நான்தான். காலையில ஏழு மணிக்கு."

"ரத்தத்தை ஏன் ஓட விட்டீங்க? இருபது லிட்டர் சர்க்கரைப் பாகு..."

"எந்த சுவிட்சுன்னு தெரியலை. வார்டுல எங்களுக்கு சுவிட்ச் கிடையாது."

சிஸ்டர் பையைத் திறந்தார். பச்சைத் துணி மூட்டை. பிரித்தார். இளஞ்சிவப்பு சிலிகோன் பை ஒன்று, தலைகீழாகக் கவிழ்த்த பேரிக்காய் போல. அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மேஜையில் வைத்தார்.

உள்ளே ஒட்டுகள். சின்னதும் பெரிதுமாக, ஒன்றின் மேல் ஒன்று.

"முப்பத்தோரு ஒட்டு. எண்ணிட்டேன்," என்றார் சிஸ்டர். "நேத்து ஒத்திகையில கண்ணை மூடிக்கிட்டுக் கையை விட்டேன். கர்ப்பப்பையோட கழுத்துல ஒரு விளிம்பு தட்டுச்சு. முப்பது வருஷத்துல எந்தப் பொம்பளைக்கும் அங்க விளிம்பு பார்த்ததில்லை. தம்பி, அது என்ன?"

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"பலூன் வழுக்கிட்டு வெளிய வந்துது. அதான்... பிடிமானத்துக்கு."

"சுவர் ஏன் இவ்வளவு தடிமன்?"

"மெல்லிசா இருந்தா ஓரத்துல கசியுது."

"பலூன் வழுக்கினா பலூனைத்தானேப்பா மாத்தணும்? நீங்க பொம்பளையை மாத்தியிருக்கீங்க."

கீழே பல் டாக்டரின் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் மாத்தினோம்," என்றாள் இன்ஜினீயர். "ஒரு மில்லிமீட்டர். ரெண்டு மில்லிமீட்டர். அன்னன்னிக்குப் பார்த்தா பெரிசாத் தெரியலை... என்கிட்ட சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"நேத்து மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும், 'கமிட்டி முடியட்டும்'னீங்க."

உண்மை. அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

தம்பி அக்காவின் காதருகே வந்தான். ஆனால் அவனுக்கு ரகசியம் பேச வராது. எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, அலமாரியில இன்னொண்ணு இருக்கு. அதுலயும் விளிம்பு வச்சிருக்கேன். அரை மணி நேரத்துல மாட்டிடலாம். வயித்தை ஒட்டிடலாம். கமிட்டிக்குத் தெரியவே தெரியாது."

இன்ஜினீயர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"சார்... இவங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? அஞ்சு மணி வரைக்கும் போதும்."

"புகார் எழுதிக் கொடுங்க. கூட்டிட்டுப் போறேன். சட்டப்படி இது அத்துமீறல், சேதம், திருட்டு. கொலையைத்தான் சேர்க்க முடியலை."

அவள் காகிதம் எடுத்தாள். இரண்டு வரி எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

சிஸ்டர் கெஞ்சவில்லை. பையின் ஜிப்பை மூடினார்.

"கூட்டிட்டுப் போங்க சார். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி. அந்த நாப்பதுல எங்க ஆஸ்பத்திரியும் ஒண்ணு. பலூன் அங்கதான் வரும். எங்க வார்டுக்கு வர்றவங்க யாருக்கும் இந்தத் தம்பி விளிம்பு வச்சு அனுப்பறதில்லை."

பேனா கீழே வைக்கப்பட்டது.

கையெழுத்து போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

"அந்த விளிம்பை வெட்டுடா," என்றாள் இன்ஜினீயர்.

"அக்கா..."

"வெட்டு. ஒட்டு எல்லாத்தையும் பிச்சு எடு."

பதினொன்றரை மணிக்கு அண்ணியின் வயிற்றில் புதிய கர்ப்பப்பை. புதியது என்றால் பழையது. ஆறு வருடம் முன்பு முதன்முதலில் வார்த்தது எப்படி இருந்ததோ, அப்படி. பம்ப் ஓடியது. சிஸ்டர் பலூனை வைத்தார். இன்ஜினீயர் தண்ணீர் ஏற்றினாள். நூறு மில்லி. இருநூறு. முந்நூறு...

பலூன் வழுக்கியது. புறப்பட்டது. அறையைக் கடந்து இன்ஸ்பெக்டரின் தொப்பியில் மோதியது.

"இது காவல்துறை மேல தாக்குதல்," என்றார் ஏட்டு.

"பேசாம இருய்யா. மறுபடி வைங்க."

மறுபடி வைத்தார்கள். மறுபடி வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டடி தள்ளி நின்றார். பலூனும் இரண்டடி கூடுதலாக வந்தது. ஏழாவது தடவை ஏட்டு தாவிப் பிடித்தார். பதினைந்தாவது தடவைக்குள் எந்தக் கோணத்தில் வரும் என்று அவருக்கு அத்துப்படி.

இருபது தடவை. இருபது தடவையும் அண்ணி செத்தாள்.

மூன்றே முக்கால்.

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

"சீக்கிரம் வந்துட்டாங்க," என்றான் தம்பி. அவன் கண் அலமாரிக்குப் போனது.

கதவு திறந்தது. மூன்று பேர். முன்னால் கமிட்டித் தலைவி. ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர். மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல். சிவந்த தரையைப் பார்த்தார். கிழிந்த வயிற்றைப் பார்த்தார். நனைந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக் குனிந்து தயாராக நின்ற ஏட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

இன்ஜினீயர் அலமாரியைப் பார்த்தாள். தலைவி பக்கம் திரும்பினாள்.

பிறகு சொன்னாள்.

"செத்துட்டா மேடம். எங்க பலூனால காப்பாத்த முடியலை. இன்னிக்கு மட்டும் இருபது தடவை செத்துட்டா. இதுக்கு முன்னாடி அறுநூறு தடவை பிழைச்சது பொய். பலூனுக்கு ஏத்த மாதிரி அவளைத் தைச்சு வச்சிருந்தோம்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

தலைவி ஊன்றுகோலை ஊன்றி மேஜைக்கு வந்தார். குனிந்து வெட்டைப் பார்த்தார்.

"சுத்தமான வெட்டு. யாரு பண்ணினது?"

"நான்," என்றார் சிஸ்டர்.

"கைது பண்ணத்தான் நிக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "புகார்ல கையெழுத்து மட்டும் பாக்கி."

தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வாரம் ஒன்பது கருவி பார்த்தேன். ஒன்பது லேப்லயும் பொம்மை பிழைச்சுக்கிச்சு. ஒன்பதையும் திருப்பி அனுப்பிட்டேன். சாகத் தெரியாத பொம்மையை நான் நம்பறதில்லை. உங்களுதும் பிழைச்சிருந்தா, பத்தாவதா அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

தம்பி கண்ணைத் திறந்தான்.

"பலூன் இன்னிக்கு வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் தர்றேன். லேப் இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க மேடம்..."

ஊன்றுகோல் சிஸ்டரை நோக்கி நீண்டது.

"இவங்க இங்கயே வேலைக்கு இருக்கணும். வாரத்துக்கு ஒருத்தியைக் கொல்லணும். ஒவ்வொருத்தியும் வேற வேற மாதிரி சாகணும். என்னிக்குக் கொல்ல முடியலையோ, அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுங்க."

சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமைன்னா எனக்கு வசதி," என்றார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பிழிந்து தலையில் வைத்தார். கையெழுத்தில்லாத புகாரை இன்ஜினீயரிடமே நீட்டினார்.

"வச்சுக்கங்க மேடம். வாரத்துக்கு ஒண்ணுன்னா ஒவ்வொண்ணுக்கும் எங்களால வர முடியாது. மாசக் கடைசியில நாலு பொணத்துக்கும் சேர்த்து ஒரே புகாரா எழுதிக் கொடுத்துடுங்க."