நீலக் கோடு போட்ட பிரதி

பால்காரர் வாசலில் நின்று, "இன்னைக்குக் கறந்ததுங்க அம்மிணி" என்றார். அவர் மணிக்கட்டிலிருந்த விளக்கு வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.

"நேத்து சாயங்காலம் கறந்ததுங்க" என்று திருத்திக்கொண்டார். விளக்கு மறுபடி வெளுத்தது.

யாழ்மொழி பாத்திரத்தை நீட்டினாள். "இதை முதல்லயே சொல்லியிருந்தா என்னங்ண்ணா?"

"பரம்பரைப் பழக்கமுங்க. எங்க தாத்தன் காலத்துல விளக்கு ஏது?"

உள்ளே அவள் கணவன் சென்னியப்பன் ஒரு பழைய புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் அவன் உக்கடம் பழைய புத்தகக் கடைக்குப் போவது வழக்கம். அவன் சேகரிப்பது ஒரே வகைப் புத்தகங்கள்தான்: ஒற்றர்களைப் பற்றியவை. உளவு நாவல்கள், ஓய்வு பெற்ற உளவாளிகளின் நினைவுக் குறிப்புகள். ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதிகள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. யாரோ படித்துக் கசக்கிய பிரதிகள் மர அலமாரியில்.

"ஒற்றன் போட்ட கையெழுத்துன்னா அதுவும் பொய்ப் பேராத்தான் இருக்கும். அதுக்குத்தான் மதிப்பே" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

யாழ்மொழி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அரசு மருத்துவமனையில், இனிப் பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களைப் படுக்கவைக்கும் பிரிவில் அவள் நர்ஸ். காய்ச்சல் குறிக்கும் நீலப் பென்சிலைக் கொண்டையில் செருகியபடி, "ஜன்னலோரக் கட்டில் அம்மா நேத்து கேட்டாங்க, மக வர்ற வரைக்கும் இருப்பனான்னு" என்றாள்.

"ம்" என்றான் சென்னியப்பன். முதுகு பிரிந்த புத்தகத்தை எப்படிப் பிடித்தால் இன்னும் பிரியாது என்பதில் அவன் கவனம் இருந்தது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

நாடிவிளக்கு வந்து மூன்று தலைமுறையாகிவிட்டது. அதற்கு முன்பு போலிக்குரல் ஆண்டுகள் என்று ஒரு காலம் இருந்தது. பெற்ற மகன் குரலில் பேசி வீட்டை எழுதி வாங்கினார்கள். கலெக்டர் முகத்தோடு திரையில் தோன்றி ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். கணவன் போனில் பேசினால் மனைவி நம்பவில்லை. கடைசியில் மக்களே தெருவுக்கு வந்து கேட்டு வாங்கிய சட்டம் அது. நாடி, வியர்வை, தொண்டைத் தசை மூன்றையும் அளந்து, சொல்கிறவனுக்கே பொய் என்று தெரிந்த சொல் வந்தால் விளக்கு மஞ்சளாகும். ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. ஒற்றர்கள் ஒழிந்தார்கள். அவர்களைப் பற்றிய புத்தகங்கள் மட்டும் அரும்பொருள்களாக மிஞ்சின.

அவற்றைச் சேகரிக்க உரிமம் உண்டு. வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், பக்கங்களைப் புரட்டி நிலைமையைச் சோதிக்கலாம். படிக்க மட்டும் கூடாது. உரிமம் புதுப்பிக்கும்போதெல்லாம், "படித்தீர்களா?" என்று கேட்பார்கள். சென்னியப்பன், "இல்லைங்க" என்பான். விளக்கு வெள்ளையாகவே இருக்கும். கறையும் கிழிசலும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அவன் ஒரு வாக்கியத்தைக்கூடப் படித்ததில்லை.

*

அன்சாரி பாயின் கடை, மேம்பாலத்தின் நிழலில், குளத்தைப் பார்த்தபடி இருந்தது. பாயிடம் வாய்க்குக் குறைவில்லை. "வாப்பா படிக்காத மேதை" என்றுதான் வரவேற்பார்.

அன்று ஒரு பெண்மணி காத்திருந்தார். சாம்பல் நிறப் புடவை, கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். "‘நான் யாராக இருந்தேன்’ புத்தகத்தோட பழைய பிரதி வேணும்னு சொல்லியிருந்தேன்."

சென்னியப்பன் துணியைப் பிரித்தான். இதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. எந்தக் குறையையும் மறைக்காமல் சொல்லி விற்பவன் அவன். "அட்டை மூலை மடங்கியிருக்குங்க. இது டீக்கறை, நூறு வருசத்துக்கு மேலான கறை. இங்க பாருங்க, பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வெச்சிருக்காங்க. இந்த ஓரத்துல கரையான்..."

பக்கம் திரும்பியது. நடுவில், இரண்டு வரிகளுக்குக் கீழே ஒரு நீலக் கோடு.

அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கண்ணாடியில் கீறல் பார்த்தவனுக்கு வருகிற கோபம். "இது இருந்ததில்லையே. இது புதுசு" என்றான்.

அவன் விளக்கு வெள்ளையாக எரிந்தது. அந்த அம்மாள் விளக்கைப் பார்த்தார், பிறகு கோட்டைப் பார்த்தார்.

"பரவாயில்லை, எடுத்துக்கறேன்."

அவர் போனதும் அன்சாரி பாய் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகத்தில் விளையாட்டு இல்லை. "ஏம்ப்பா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?"

"குறையைச் சொல்லாம விக்கச் சொல்றீங்களா பாய்?"

"புதுக் கோடுன்னா என்ன அர்த்தம்? யாரோ இப்போ படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதை நீயே சொல்லிட்ட. அந்தம்மா புத்தகத்தை வாங்கறப்போ கையைப் பாத்தியா?"

"கோட்டைத்தான் பாத்தேன்."

"அதான பாப்ப. மணிக்கட்டுல விளக்கே இல்லை."

நாட்டில் விளக்கில்லாத கை, பொய் சொல்கிறவர்களைப் பிடித்துச் சிகிச்சை செய்யும் தெளிவகத்து அதிகாரிகளின் கை மட்டும்தான். சென்னியப்பன் அந்த அம்மாள் போன பக்கம் எட்டிப் பார்த்தான்.

"கோட்டைமேட்டு ரசாக்கை அங்க கூட்டிட்டுப் போனாங்கல்ல?" பாய் குரலைத் தாழ்த்தினார். "மண்டைக்குள்ள பொய் முளைக்கிற இடத்தைச் சரி பண்றாங்களாம். போன வாரம் அவன் பேரப்புள்ள கதை கேட்டுச்சு. நரி என்ன சொல்லுச்சு தாத்தான்னு. இவன் சொல்றான், நரி பேசாதுன்னு. அப்புறம் புள்ளையையே பாத்துக்கிட்டு இருந்தான். கனவும் வர்றதில்லையாம். சிரிச்ச மொகமாத்தான் இருக்கான், அதுல குறை இல்லை."

*

வீட்டுக்கு வந்ததும் மர அலமாரியைத் திறந்தான். எடுத்த புத்தகத்தில் நீலக் கோடு. அடுத்ததிலும். கதைகளில் துப்பாக்கியும் துரத்தலும் வரும் இடங்களில் எதுவும் இல்லை. பிடிபட்ட ஒற்றன் விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும் இடங்களில் மட்டும் இருந்தது.

ஒரு கோட்டுக்கு மேலிருந்த வரியை அவன் படித்தான். அந்தப் புத்தகங்களில் அவன் படித்த முதல் வரி.

‘பொய் சொல்ல முயலாதே. அதே சொற்கள் உண்மையாகப் பொருந்தும் வேறொரு பொழுதை மனத்தில் கொண்டுவா. அங்கே நின்றுகொண்டு பேசு.’

நீலப் பென்சில் யாருடையது என்று அவன் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரக் கட்டில் அம்மாவுக்கு அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பதும் இப்போது தெரிந்தது.

தெளிவகத்திலிருந்து, பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி ஆணையோடு வருவார்கள். ஆணை இருந்தால் பேசாமல் இருப்பதும் பொய்க்குச் சமம். ‘கோடு போட்டது யார்?’ என்பார்கள். அவன் வாயைத் திறந்தால் யாழ்மொழி பெயர் வரும், அல்லது மஞ்சள் வரும்.

வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அவளுடைய மாற்றுப் பென்சிலை எடுத்துக்கொண்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்தான். கையொப்பமிட்ட பிரதிகள். தூசிகூடப் படாமல் பார்த்துக்கொண்டவை. ஒன்றை எடுத்து, முதுகு முறியுமளவுக்கு விரித்தான். காகிதம் முனகியது. கோடு போட்டான். அடுத்ததை எடுத்தான். ஒரு கிழட்டு ஒற்றன் நடுங்கும் கையால் இட்ட பொய்க் கையொப்பத்தின் கீழேயும் போட்டான்.

மாலையில் யாழ்மொழி வந்தபோது மேசை முழுக்கப் புத்தகங்கள் விரிந்து கிடந்தன. அவள் கதவருகிலேயே நின்றாள். அவள் பார்வை அவன் கையிலிருந்த பென்சிலுக்குப் போனது. அவன் எதையும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"டீ போடட்டுங்களா?" என்றாள்.

"போடு."

*

புதன்கிழமை அவர்கள் வந்தார்கள். அதே சாம்பல் புடவை, கூட இரண்டு ஆட்கள். "என் பேரு மங்கையர்க்கரசி" என்றார் அதிகாரி. மணிக்கட்டு வெறுமையாக இருந்ததால் அது மெய்யா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆணையைக் காட்டிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"அம்மா, உங்க வார்டைப் பத்தி ஒரு விசயம் எங்க கவனத்துக்கு வந்துச்சு. ஆறு மாசமா அங்க ஜனங்க சிரிச்ச முகத்தோட சாகறாங்க. மாநிலத்துல வேற எங்கேயும் அப்படி இல்லை. பொழைப்பனான்னு கேட்டா நர்ஸ் உண்மையைச் சொல்லணும், இல்லைன்னா பேசாம நகரணும். அங்க மட்டும் யாரோ கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்’னு சொல்றாங்களாம். விளக்கு வெள்ளையா எரியுதாம்."

"அது நல்லதுதானுங்களே?" என்றான் சென்னியப்பன்.

"அவங்களுக்கு நல்லதுதான். ஒரு வெள்ளை விளக்கு பொய்யின்னு வெளியே தெரிஞ்சா, அடுத்த நாள் காலையில எந்த விளக்கையும் எவனும் நம்பமாட்டான். போலிக்குரல் காலம் திரும்ப வரும்." அவர் யாழ்மொழி பக்கம் திரும்பினார். "வார்டுல பொய் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

வெள்ளை.

"இந்த வீட்டுப் புத்தகங்களைப் படிச்சீங்களா?"

"எனக்கெதுக்குங்க அந்தக் குப்பையெல்லாம்? தூசி தட்டறதோட சரி."

வெள்ளை. சுடர் அசையக்கூட இல்லை.

"நல்லாப் பதில் சொல்றீங்க" என்றார் அதிகாரி மெதுவாக. அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால், வெள்ளையில் முடிந்த கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது, வெள்ளை விளக்கோடு குற்றத்தை மறுத்தவரைப் பிடிக்கவும் கூடாது. ஊரே உயிராக நம்பும் சட்டம் அது. அவர் கைப்பையிலிருந்து உக்கடத்தில் வாங்கிய பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சரி, நீங்க சொல்லுங்க. கோடு போட்டது யாரு?"

"நான்தானுங்க."

வெள்ளை. அது உண்மைதான். கண்ணாடி அலமாரி அதற்குச் சாட்சி.

"இதுலயும்?"

சென்னியப்பன் மேசைமேலிருந்த புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போனான். காகிதம் முனகும் சத்தத்தைக் கேட்டான். கிழட்டு ஒற்றனின் கையொப்பத்துக்குக் கீழே பென்சில் ஓடியது. அந்த அறையில் நின்றுகொண்டு பேசினான்.

"ஆமாங்க. எல்லாக் கோடும் நான் போட்டதுதான்."

யாழ்மொழி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் விளக்கு வெள்ளையாக எரிந்தது.

அதிகாரி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்தார். "கோடு போட்டுப் படிக்கறது மறைப்புப் பயிற்சி, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. தெளிவகத்துக்கு வாங்க. சின்ன சிகிச்சைதான். பயப்பட ஒண்ணுமில்லை."

விளக்கில்லாத கை அவன் தோளில் விழுந்தது.

ஆட்கள் புத்தகங்களைப் பெட்டிகளில் போட்டார்கள். கையொப்பமிட்டவை, கசங்கியவை என்ற பிரிவினை இல்லாமல் ஒன்றாக. அவன் தடுக்கவில்லை. வாசலில் வண்டி நின்றது. பால்காரர் எதிர்ச்சாரியில் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் ஏறுமுன் யாழ்மொழி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சூடாக இருந்தன.

"ரசாக் நரிக்கதையை மறந்துட்டாராம்" என்றான் அவன். "எனக்கு எது மறக்கும்னு தெரியலை. உன்னை..."

"ஒண்ணும் ஆகாதுங்க." அவள் குரலில் நடுக்கமே இல்லை. "எல்லாம் சரியாயிடும். போன மாதிரியே திரும்பி வந்துருவீங்க."

சென்னியப்பன் குனிந்து அவள் மணிக்கட்டைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவள் பேசும்போது அவன் அந்த விளக்கைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வெள்ளையாக எரிந்தது.

அவன் சிரித்தான். வண்டிக் கதவு சாத்தப்படும்வரை சிரித்தபடியே இருந்தான்.