கேப்டன் காலி செய்த ஃப்ரிட்ஜ்

கதைகளில் வரும் முதல் பார்வை அவனுக்குக் கிடைக்கவே இல்லை... கண் நிறையச் சோப்பு!

சமையலறையில் சத்தம் கேட்டு, பாதிக் குளியலில் இடுப்புத் துண்டோடு ஓடிவந்திருந்தான் ராணுவப் பள்ளிக் கணக்கு வாத்தியார். மங்கலாகத் தெரிந்தது ஒரு ராணுவச் சீருடை. அது அவனுடைய ஃப்ரிட்ஜைக் காலி செய்துகொண்டிருந்தது. பால், முட்டை, பாதி தர்பூசணி... எல்லாம் குப்பைப் பைக்குள்.

"யாரு நீங்க? என் வீட்டுல என்ன பண்றீங்க?" என்று அதட்டியது அவனல்ல, அவள்!

"குளிக்கிறேன்..."

"இது டி பதினாலு!"

"பி பதினாலுங்க. டி அடுத்த தெரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். மழையில் நனைந்த இமைகள், அவற்றின் கீழே இரண்டு பெரிய கண்கள்... கையில் அவனுடைய கடைசி முட்டை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எட்டு வருடத்தில் ஆறு ஊர், ஆறு குவார்ட்டர்ஸ். எல்லாம் ஒரே அச்சு. நுழைந்ததும் இடப்பக்கம் நாலடி வைத்தால் சமையலறை. கதவு திறந்திருந்தது, கால்கள் தானாகப் போய்விட்டன. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஃப்ரிட்ஜ் என்று நினைத்துவிட்டாள். எந்த ஊரில் இறங்கினாலும் கேப்டனுக்கு முதல் வேலை, ஐஸ் பெட்டியில் வந்த இன்சுலினைக் குளிரில் வைப்பதுதான்.

"பொண்ணுக்குச் சர்க்கரை வியாதி... ஏழு வயசுதான்," என்றாள், குரல் தணிந்து.

"அம்மா, இந்த அங்கிள் ஏன் சட்டை போடல?" வாசலிலிருந்து எட்டிப் பார்த்தது அந்த ஏழு வயது. பட்டப்பெயர் வாலு. பொருத்தமான பெயர்.

"மருந்து இங்கயே இருக்கட்டும். உங்க ஃப்ரிட்ஜ் வந்ததும் எடுத்துக்கங்க," என்றான், துண்டை இறுக்கிப் பிடித்தபடி.

சாமான் லாரி பதினொரு நாள் கழித்து வந்தது. மருந்து மட்டும் பி பதினான்கிலேயே இருந்துவிட்டது. வேளைக்கு வேளை அம்மாவும் பெண்ணும் அங்கே வந்துதான் ஊசி. எடுத்துப் போக இருவருக்குமே ஞாபகம் வரவில்லையாம்... நம்பினால் நம்புங்கள்!

"எனக்கும் ஊசி போடக் கத்துக்குடுங்களேன்," என்றான் ஒரு சாயங்காலம்.

"உங்களுக்கா? ஊசியைப் பார்த்தாலே சுவரைப் பிடிக்கிறீங்க!"

"பிடிச்சிட்டு நிக்கிறேன்ல? விழலையே!"

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். "வேண்டாம் சார். அதை யார் கையிலயும் நான் குடுக்கிறதில்ல. பழகிட்டு, அடுத்த மாற்றல்ல விட்டுட்டுப் போனா வாலுவுக்குக் கஷ்டம்."

"வாலுவுக்கு மட்டுமா?"

ஊசிப் பெட்டியை மூடினாள் அவள். முன்பு ஒருவன் இருந்தான். மூன்றாவது மாற்றலும் முதல் ஊசியும் ஒரே மாதத்தில் வந்தபோது, 'என்னால முடியாது' என்று விவாகரத்து வாங்கிக்கொண்டு போனவன். அன்றிலிருந்து எல்லாம் அவளே. எல்லாமே.

வாலு கணக்கில் கெட்டிக்காரி. ஒருநாள் பள்ளியில், அவன் வகுப்பில், ஏழைந்து நாற்பது என்று எழுதினாள். அடுத்ததும் தப்பு. வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை, அவள் நெற்றியைப் பார்த்தான். வேர்வை... விரல்களில் நடுக்கம்... சர்க்கரை இறங்குகிறது! அவள் பையிலிருந்த பழச்சாற்றைக் குடிக்க வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில் வாலு பழையபடி வாலானாள்.

ஜீப்பில் பறந்து வந்தாள் கேப்டன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்... "முதல்ல எனக்குப் போன் பண்ணியிருக்கணும்!" என்றுதான் வந்தது.

"பண்ணிட்டு, நீங்க வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிக்கவா?"

"அவ என் பொண்ணு!"

"நான் இல்லைன்னு சொல்லலையே!"

அன்று மாலையே மருந்து டி பதினான்குக்குக் குடிபெயர்ந்தது. காலியான அடுக்கைத் திறந்து திறந்து பார்த்து மூடினான் வாத்தியார்... கரண்டு பில் ஏறியதுதான் மிச்சம்.

மூன்று வாரம் பேச்சே இல்லை. வந்து எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், கேப்டனுக்கு ஏழாவது ஊருக்கான உத்தரவு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடைமழை. பெட்டிகளுக்கு நடுவே டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தவள் முன்னால் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"வாலு சொன்னா. நீங்க சொல்லல."

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"கூட வருவேன்."

டேப் அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்தாள். "விளையாடாதீங்க. உங்க வேலை?"

"அந்த ஊர்ல மட்டும் ரெண்டும் ரெண்டும் அஞ்சா? கணக்கு எங்கயும் கணக்குதான்."

"அதுக்கடுத்த ஊரு வந்தா?"

"அங்கயும்தான். ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்ட மூணு வாரமா ஊசி போடக் கத்துக்கிட்டேன். முதல்ல ஆரஞ்சுப் பழம்... அப்புறம் என் வயிறு. வெறும் உப்புத் தண்ணிதான். ஒரே ஒரு தடவை மயங்கினேன்."

"ரெண்டு தடவைன்னு நர்ஸ் ஆன்ட்டி சொன்னாங்க!" என்றது ஒரு பெட்டிக்குள்ளிருந்து வாலுவின் குரல்.

"ரெண்டு தடவை," என்று ஒப்புக்கொண்டான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க ரெண்டு பேரையும்... அந்த லாரியோட சேர்த்து."

மழைக்கு வெளியே மட்டும்தான் பெய்யத் தெரியுமா என்ன? அவள் கண்கள் தளும்பின.

"எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது..." என்றவள், மருந்துப் பையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "நாலு மணிக்கு ரத்தத்துல சர்க்கரை பாக்கணும். சாப்பிடறதுக்கு முன்னால ஊசி. நாலு வருஷமா நான் ஒரு மத்தியானம்கூடக் கண் மூடினதில்ல... கொஞ்சம் தூங்கட்டுமா?"

பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெட்டிகளுக்கிடையே போர்வையை விரித்துச் சாய்ந்தாள் அவள்.

"எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?"

"எழுப்பாதீங்க," என்றாள் கேப்டன், கண்ணைத் திறக்காமலே.