வெறும் பையின் பாரம்

பையை மாட்டிக்கொண்டதும் இடது தோள் லேசாகக் கீழே இறங்கியது. வலது பக்கம் ஒன்றுமில்லை. பாரமெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, கழுத்தோரம் வந்து தங்கியது. வாரை இழுத்துச் சரிசெய்தபடி அவன் கடைக்குள்ளேயே நடந்துபார்த்தான். புதுத் துணியும் ரப்பரும் கலந்த வாசனை, தலைக்கு மேல் மின்விசிறியின் முனகல், வெளியே விடாமல் பெய்யும் மதிய மழை. அட, இது பரவாயில்லையே என்று நினைத்தான். அதுவரை மாட்டிப்பார்த்தவை எல்லாம் முரண்டு பிடித்தன. ஒன்றின் வார் அக்குளை அறுத்தது, இன்னொன்று நிமிர்ந்தால் பின்மண்டையில் இடித்தது. இதுவோ முதுகின் வளைவு தெரிந்ததுபோல் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வெறும் பையை மாட்டிப்பார்த்து யாரும் வாங்கிவிட முடியாது. கடைக்காரர் சின்னச் சின்ன மணல் பைகளை உள்ளே அடுக்கி, இடுப்பு பெல்ட்டை இறுக்கி, கண்ணாடி முன்னால் ஒரு நடை நடக்கவிட்டுத்தான் விற்பார். காலியாக இருக்கும்வரை எல்லாப் பையும் நல்ல பைதான் என்பது அவர் வாதம்.

"இதையே எடுத்துக்கறேங்க. வெயிட்டும் அளவாத்தான் வெச்சிருக்கீங்க," என்றான்.

கடைக்காரர் அப்போதுதான் பின்னறையிலிருந்து வந்தார். அவருடைய இரண்டு கைகளிலும் மணல் பைகள்.

"இனிமேதான் சார் வைக்கணும். அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவர் சிரித்தார். அவனும் சிரித்துவைத்தான். அவன் வேலை பார்ப்பது லாரிகளை நிறுத்தி எடைபோடும் எடைமேடையில். மேடையில் சக்கரம் ஏறும் சத்தத்தைக் கேட்டே லோடா, காலியா என்று சொல்லிவிடுவான். இவன்கிட்ட மட்டும் கதைவிட முடியாதுப்பா என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவன் காலிப் பையைப் பாரம் என்கிறான். தூக்கமில்லாத உடம்பு, என்ன வேண்டுமானாலும் தோன்றும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு பையை வாங்கிவந்தான்.

மறுநாள் காலையில் விமானம். மனைவி சில மாதங்களுக்கு முன்பே வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். இங்கிருந்தவரை அவள் பாதி நாள் எழுந்திருக்கவே மாட்டாள், சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இப்போதுதான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். "கையில ஒரே ஒரு பையோட வாங்க, போதும். பட்டு சாமான் எதுவும் வேணாங்க. பார்த்தேன்னா மறுபடியும் படுத்துடுவேன்," என்று சொல்லியிருந்தாள். பட்டு அவர்களுடைய ஒரே மகள். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

சாயங்காலம், விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் பையை நிரப்பினான். பாதி காலியான வீடு. அலமாரிக் கதவு மூடும் ஒலிகூட எதிர்ச்சுவர்வரை போய்த் திரும்பியது. சட்டைகளைச் சுருட்டி அடியில் வைத்தான், செருப்பை ஓரத்தில் செருகினான், சார்ஜரைப் பையின் மேல்பக்க ஜிப்புக்குள் போட்டான். மாட்டிப்பார்த்தான். கடையில் எவ்வளவு கனத்ததோ அவ்வளவுதான். சந்தேகம் வந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினான். காலிப் பையை மாட்டினான். துளிகூடக் குறையவில்லை. கொக்கித் தராசில் தொங்கவிட்டால் முள் சும்மா பேருக்கு அசைந்தது. முதுகுக்கு வந்தால் கனம்.

வெதுவெதுப்பான கனம்.

அவன் அசையாமல் நின்றான். ஜன்னலில் மழை. அதற்குக் கீழே இன்னொரு சத்தம். பிடரியில் படும் மூச்சு. சளி அடைத்த, சின்ன மூச்சு. நனைந்த தலைமுடியின் வாசனை. இருமல் மருந்தின் தித்திப்பு.

தொண்டைக்குழிக்குக் கீழே ஏதோ கோத்துக்கொண்டது. விரல்கள்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படிப் போகும்? அன்றைக்கும் இப்படித்தான் மழை. டாக்ஸி நடுவழியில் வெள்ளத்தில் நின்றுவிட்டது. காய்ச்சலில் கொதித்தவளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனான். இடது தோளில் தலை சாய்த்திருந்தவள் எந்தத் தெருவில் போனாள் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அவன் கழுத்திலிருந்து அந்தக் கைகளைப் பிரிக்க நர்சுகள் இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெற்ற வயிறு எரிந்தது என்பார்கள். சுமந்த முதுகும் எரியும், அதை யார் கேட்டார்கள்?

இப்படியே போனால் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். பெற்றவளுக்குத் தெரியாதா? மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். இந்தமுறை எழுந்திருக்கவே மாட்டாள்.

"பட்டு," என்றான். "இறங்கும்மா. அப்பா போகணும்டா."

பிடரியில் பட்ட மூச்சு நின்றது.

"என் கண்ணுல்ல. இறங்கிடு."

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. பை சட்டென்று லேசானது. காகிதம்போல. அவன் கட்டிலில் விழுந்து வாய்விட்டு அழுதான். பெற்ற பிள்ளையைப் போ என்று சொல்லிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அழுகை அடங்குவதற்குள் செல்போன் அடித்தது. மனைவி, வீடியோவில். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"பை வாங்கிட்டீங்களா? முதுகு வலிக்காதுல்ல? ஏர்போர்ட்ல நிறைய நடக்கணும்."

"லேசா இருக்கு."

"எனக்கும் இன்னிக்கு என்னவோ நல்லா இருக்குங்க. இப்பதான், ஒரு நிமிஷமா, முதுகு கதகதன்னு இருக்கு. யாரோ ஒத்தடம் குடுக்கற மாதிரி. இதமா இருக்கு."

அவள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. சற்றே முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இடது தோள் இறங்கியிருந்தது.

பட்டு என்றைக்குமே அப்படித்தான். அப்பா இறக்கிவிட்டால் தரையில் நிற்க மாட்டாள். நேராக அம்மாவிடம் ஓடிவிடுவாள்.

மனைவியின் தொண்டைக்குக் கீழே சின்ன விரல்கள். கோத்திருந்தன. இறுக்கத்தில் வெளுத்திருந்தன. ஒருதரம் இறக்கிவிடப்பட்ட குழந்தை. இனிமேல் விடமாட்டாள்.

"ஏங்க அப்படிப் பார்க்கறீங்க?" அவள் இருமினாள். மறுபடியும் இருமினாள். "இருங்க... தண்ணி... தொண்டை..."

அவன் போனைச் சுவரில் சாய்த்து வைத்தான். அதற்கு முதுகைக் காட்டித் தரையில் குந்தினான். இரண்டு கைகளையும் பின்னால் நீட்டிப் பிடித்தான்.

"வாம்மா தங்கம். அம்மாவ விட்டுடு. அப்பாகிட்ட வந்துடு. இனிமே இறக்கவே மாட்டேன். சத்தியமா இறக்க மாட்டேன்."

பின்னால் இருமல். நாற்காலி சாயும் சத்தம். பிறகு இருமலும் இல்லை.

அவன் திரும்பவில்லை. ஏந்திய கைகளை மடக்கவில்லை. "வா, வா," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முதுகில் எதுவும் வந்து ஏறவில்லை.