மிளகுப் பாதையில் ஒரு வலது கால்

தடமீட்பியின் நீல ஒளி விழுந்ததும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாலைவனத்தில் நடந்துபோன பாதங்கள் மணலில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒருமுறை அழுந்திய அடிமண் அந்த அழுத்தத்தை விடுவதில்லை. கருவி அதைப் படித்து, நடந்தவரின் எடை, சுமை, நடை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

செங்கடலிலிருந்து நைல் நதிக்கு மிளகு போன பழைய பாதை அது. அதில் ஒரு தமிழ் வணிகரின் தடத்தையாவது கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று மெய்யம்மை ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சென்னையில் அந்த வணிகருக்கு வைக்கப்போகும் சிலைக்குப் பீடம்கூடக் கட்டியாகிவிட்டது. வெறுங்கையோடு போனால் யார் முகத்திலும் விழிக்க முடியாது. மேலே வண்டி ஏறினால் தடம் அழிந்துவிடும் என்பதால், உள்ளூர்ச் சுமைகூலி ஹமீதும் அவன் ஊர்க்காரர்களும் மின்கலங்களை முதுகில் சுமந்து அவள் பின்னால் நடந்தார்கள்.

பாழடைந்த சிறு கோயில் ஒன்றின் வாசலில் எல்லாத் தடங்களும் செருப்போடு உள்ளே போயிருந்தன. ஒன்று மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்திருந்தது. வழியில் பார்த்த இன்னொரு கோயிலிலும் அதே பாதம், அதே வலது கால். மெய்யம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவல் தாங்காமல் உள்ளே ஓடி, அந்தத் தடத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு வந்து சென்னையை அழைத்தாள்.

திரையில் தொல்லியல் துறை இயக்குநர் தணிகாசலம் பூரித்துப்போனார். சிலைக்குத் தொப்பை வைக்கலாமா என்று சிற்பி கேட்கிறாராம். மெய்யம்மை கருவியைப் பார்த்தாள். மெலிந்த உடம்பு, முதுகில் அந்த உடம்பளவு பாரம். முன்னால் சுமையில்லாமல் போனவர் நின்ற இடத்திலெல்லாம் இவரும் நின்றிருக்கிறார்.

"இவர் வணிகர் இல்லைங்க சார். முன்னால போனவருக்கு மூட்டை தூக்கினவர்."

தணிகாசலத்தின் முகம் சுருங்கியது. "முன்னால போனாரே, அவரை வச்சுக்கலாமேம்மா?"

"அவர் செருப்போட உள்ள போனவர் சார். அவர் எப்படி நம்ம ஆளாவார்? சிலையை மூட்டையோடயே செய்யச் சொல்லுங்க. அவ்வளவு பாரத்திலயும் வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டியிருக்கார். அதைவிட என்ன பெருமை வேணும்?"

சொல்லி முடித்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பெருமையில் கருவியை அணைக்க மறந்துவிட்டாள். அது தன்னிடம் பதிவாகியிருந்த குழுவினரின் புதிய தடங்களையும் படித்து, பழையவற்றோடு தானாகவே ஒப்பிட்டுக் கொண்டிருந்தது. மூட்டை தூக்கியவரின் நடைக்கு ஹமீதின் நடை பொருந்துகிறது என்றது. முன்னால் போனவருக்கும் ஒரு பெயரைக் காட்டியது.

மெய்யம்மை தன் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தாள். நீல ஒளியில் அவளுடைய தடம் தெளிவாகத் தெரிந்தது. அவள் பூட்ஸோடுதான் உள்ளே போயிருந்தாள்.