குழந்தை உள்ளவர்களுக்கு மட்டும்

அது பென்சில் கோடு இல்லை என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அறையில், ஜன்னலுக்கு எதிரே இருந்த இளநீலச் சுவரில், அவளுடைய இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிசு. துணியை வெட்டுவதற்கு முன்னால் தையல்காரர்கள் போடுகிற சாக் கோடு. ஆல்ட்டரேஷன் கடையில் பதினெட்டு வருஷமாக அந்தச் சாக்கைப் பிடித்துப் பிடித்து அவளுடைய கட்டைவிரல் நகத்துக்கடியில் வெள்ளை நிரந்தரமாகவே குடியேறியிருந்தது. இந்த ஊரில் வாடகை கொடுக்காமல் குடியிருப்பது அது ஒன்றுதான்.

விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. கோடு பெயின்ட்டுக்கு மேலே இருப்பதுபோலவும் இருந்தது, அடியிலிருந்து எழும்பி வருவதுபோலவும் இருந்தது.

"பெயின்டர் போட்ட மார்க்கா இருக்கும்க்கா," என்றார் வீட்டுத் தரகர். அவர் அறை வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. ஷூவைக் கழற்றச் சோம்பல்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இது பதினேழாவது வீடு. கைப்பையில் இருந்த நோட்டில் மற்ற பதினாறுக்கும் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாள்: வாடகை, அட்வான்ஸ், கடைக்கு எத்தனை பஸ், தண்ணீர், குழந்தைக்கு அறை. மூன்றாவது வீட்டில் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் ஒரே கதவு. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அது திறந்துகொள்ளும். ஒன்பதாவதில் குழந்தை என்றதும் வீட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சத்தம் எங்களுக்கு ஆகாது," என்றுவிட்டாள். பதினொன்றாவதில் எல்லாம் பொருந்தியது, வாடகை மட்டும் அவளுடைய முழுச் சம்பளம். சாப்பிடாமல் குடியிருந்தால் போதும் என்றால் அது நல்ல வீடுதான்.

அவளுக்கு வேண்டியது இரண்டாவது அறை. ஆறு வயது மகளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவாள். பொடிசு அப்பா வீட்டுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், ஒரு பூங்கா பெஞ்சில், பக்கத்தில் யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவ்வளவுதான் தாயும் மகளும். குழந்தைக்குத் தனி அறை உள்ள வீடு இருந்தால் அனுப்பலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தச் சனிக்கிழமை குழந்தைகள் நல அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார். அவருடைய பழைய அறிக்கையில் ஒரு வரி இருந்தது: தாய் எளிதில் பதற்றமடைகிறார். அந்த ஒரு வரியை நினைத்து அவள் எத்தனையோ நாள் பதறியிருக்கிறாள்.

"இது ஒரு ரூம் வீட்டோட வாடகைதானே? ரெண்டு ரூம் இருக்கே."

"ஓனர் வெளியூர்ல இருக்கார்க்கா. பணம் பெருசில்ல அவருக்கு. ஒரே ஒரு கண்டிஷன், வீட்ல சின்னக் குழந்தை இருக்கணும்."

"இருக்கக் கூடாதுன்னா சொல்றீங்க?"

"இல்லக்கா, இருக்கணும். பத்து வயசுக்குள்ள."

பதினாறு வீடுகளில் குறையாக இருந்தது இங்கே தகுதியாகிவிட்டது. நோட்டை எடுத்துப் பதினேழு என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?"

தரகர் சாவிக்கொத்தைக் கை மாற்றினார். "அப்புறம் அவங்களுக்கு ரெண்டு ரூம் தேவைப்படலன்னு சொன்னாங்க."

அன்று சாயந்திரமே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டாள். இத்தனை நாள் யார் வீட்டு ஹாலில் படுத்திருந்தாளோ அந்த அக்காவிடம் போனில் வாடகையைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். "அந்த விலைக்கு ரெண்டு ரூமா? பேய் கீய் இருந்தா அதுகிட்டயும் பாதி வாடகை வாங்கிக்கடி." அவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

புதன்கிழமை சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினாள். சாமான் என்றால் ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், நான்கு பாத்திரம். சின்ன அறையில் இருந்த ஆணியில், பொடிசுக்காகத் தைத்து வைத்திருந்த மஞ்சள் கவுனைத் தொங்கவிட்டாள். வளர்கிற பிள்ளை என்று கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிட்டுத் தைத்திருந்தாள். எல்லா அம்மாக்களும் கடையில் அப்படித்தான் கேட்பார்கள். அவள் தன் பிள்ளைக்குக் கேட்காமலேயே செய்துகொண்டாள். மடிப்பு வெளியே தெரியாது. அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் கவுனும் ஒரு வருஷம் வளரும்.

முன்னறையில் படுத்தாலும் தூக்கம் ஒட்டவில்லை. மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது, குழாயில் காற்று இருமுவது, லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நின்று பெருமூச்சு விடுவது என்று புது வீட்டுச் சத்தங்களை ஒவ்வொன்றாக எண்ணி அடையாளம் வைத்துக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. இடையில் கேட்ட ஒரு சத்தத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. சுருட்டி வைத்த இஞ்ச் டேப்பை ஒரே இழுப்பில் பிரிக்கும்போது வருகிற சத்தம். சரட்டென்று ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் குட்டையாக.

காலையில் சின்ன அறைக்கதவைத் திறந்தாள். சுவரில் புதிதாகக் கோடுகள் இருந்தன.

மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் குறுக்காக இரண்டு. ஓரமாகச் சரிந்து இரண்டு. வேறு யாராவது பார்த்தால் கிறுக்கல் என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. உயரம், தோள், கை. எந்தக் கடையிலும் இந்த வரிசைதான். டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள். தோள் பத்தரை. கை ஐந்து. கவுனின் அளவு அப்படியே இருந்தது. உயரம் மட்டும் கவுனைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தது. ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, பொருந்தவில்லையே என்று. பிறகு மடிப்பு நினைவுக்கு வந்தது.

கவுனைத் திருப்பிப் பார்த்தாள். கீழ் மடிப்பில் ஒரு தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை. இரண்டு அங்குலம் உள்ளே இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தேய்த்தாள். கோடுகள் போகவில்லை, நீலப் பெயின்ட்தான் உரிந்து வந்தது. அதற்கடியில் ஒரு பச்சை. பச்சைக்கடியில் ஒரு மஞ்சள். ஒவ்வொரு நிறத்திலும் கோடுகள். வேறு தோள்கள், வேறு உயரங்கள். பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறிக்கும் வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரே பிள்ளையின் கோடு வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறிக்கொண்டே போகும். இங்கே எந்தப் பிள்ளையின் அளவும் இரண்டாவது தடவை எடுக்கப்பட்டிருக்கவில்லை.

தரகருக்குப் போன் செய்தாள். அட்வான்ஸ் திரும்பி வராது, பதினொரு மாத ஒப்பந்தம் என்றார். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "பாப்பா வந்தாச்சாக்கா?" என்றார்.

"சனிக்கிழமைதான் வர்றா. ஏன்?"

"சும்மாதான்," என்று வைத்துவிட்டார்.

நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தாள். எத்தனை தடவை கூட்டினாலும் பதினாறு வீடும் அவளுக்கு எட்டவில்லை. ஐந்தாவதுக்குப் போன் போட்டாள், வேறு யாருக்கோ போய்விட்டது. பதினான்காவது, அதுவும் போய்விட்டது. ஒன்பதாவதின் வீட்டுக்காரம்மாவிடம், என் பிள்ளை சத்தமே போடமாட்டாள் என்று கெஞ்சினாள். சொல்லும்போதே அழுகை வந்தது. அந்தம்மா போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் தனக்குத் தானே ஒரு ஏற்பாடு சொல்லிக்கொண்டாள். அறையைக் காட்டினால் போதும், படுக்க வேண்டியதில்லை. அதிகாரி பார்க்கட்டும், கையெழுத்துப் போடட்டும். அதன் பிறகு அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு. பொடிசு அம்மாவோடு முன்னறையில் படுத்துக்கொள்வாள். அரை லிட்டர் நீலப் பெயின்ட் வாங்கி வந்து சுவரை மூடினாள். காய்வதற்குள் கோடுகள் மேலே வந்துவிடுமோ என்று வெள்ளிக்கிழமை முழுக்க எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். வரவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அதிகாரி பொடிசைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. தலைமுடியில் வேறு வீட்டு எண்ணெய் வாசனை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதைத் தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று ஒரு கணம் நெஞ்சு எரிந்தது.

அதிகாரி சின்ன அறையை எட்டிப் பார்த்தார். மேற்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து எதிர்ச் சுவர் முழுக்க விழுந்திருந்தது. "நல்ல வெளிச்சம்," என்றார். முன்னறை மேஜையில் உட்கார்ந்து தாள்களைப் பரப்பினார். "உக்காருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து வேணும். நிதானமா போடுங்க."

"அம்மா, மஞ்சக் கவுனு எனக்கா? போட்டுக்கட்டா?"

"அப்புறம் போட்டுக்கலாம். இங்கயே இரு கண்ணு."

"போட்டுக்கட்டுமே," என்றார் அதிகாரி, தலையை நிமிர்த்தாமல். "அவ ரூம்தானே?"

அவள் கை நீட்டுவதற்குள் பொடிசு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

முதல் பக்கம். இரண்டாவது பக்கம். உள்ளே துணி சரசரத்தது. பொடிசு தனக்குள் ஏதோ பாடினாள். பாட்டு நடுவில் நின்றது.

சரட்.

பேனா அவள் கையில் நின்றுவிட்டது.

"நேரா நிக்கணுமா?" என்றது உள்ளேயிருந்து பொடிசின் குரல்.

மூன்றாவது பக்கம்.

"கையத் தூக்கணுமா? இப்படியா?"

அதிகாரி புன்னகைத்தார். "தனியா விளையாடிக்கறா. நல்ல விஷயம். ஏங்க, கையெழுத்து கோணலாப் போகுதே? உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம். சந்தோஷம்."

தாய் எளிதில் பதற்றமடைகிறார். இன்னும் மூன்று பக்கம். இப்போது எழுந்தால், கத்தினால், எல்லாம் போயிற்று. மறுபடி பெஞ்சு. மறுபடி கடிகாரம். நான்காவது பக்கம். ஐந்தாவது. சாக் சுவரில் உரசுவது கேட்டது. நீளமாக. நிற்காமல். வளைந்து வளைந்து.

"மூச்சு விடலாமா?"

ஆறாவது.

"வாழ்த்துகள்," என்று அதிகாரி தாள்களை அடுக்கினார். எழுந்தார். பையைத் தேடினார். குடையைத் தேடினார். வாசலில் நின்று ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். கதவை மூடினாள்.

ஓடினாள்.

பொடிசு அறையின் நடுவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சள் கவுனில், இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தாள். அவளுடைய நிழல் சுவரில் விழுந்திருந்தது. நிழலைச் சுற்றி, தலையிலிருந்து கால்வரை, எங்கும் விட்டுப்போகாத ஒரே வெள்ளைக் கோடு.

"அம்மா, அளவு எடுத்தாச்சாம். ஆடக் கூடாதாம். இனிமே வெட்டணுமாம்."

"கைய இறக்குடி. இங்க வா. அம்மாகிட்ட வா."

பொடிசு கையை இறக்கிவிட்டு நடந்து வந்தாள். அவள் அள்ளி எடுத்துக்கொண்டாள். சூடாக, கனமாக, முழுசாகக் குழந்தை கைக்குள் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய கத்தரி கனமான துணியைக் கடிக்கிற முதல் கடி. பதினெட்டு வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம்.

நிமிர்ந்து பார்த்தாள். வெயில் அவர்கள் இருவர்மேலும் விழுந்துகொண்டிருந்தது. தரையில் இருந்தது அவளுடைய நிழல் மட்டும்தான், வெற்றுக் கைகளை மார்போடு மடித்துக்கொண்டு.

"அம்மா," என்றாள் பொடிசு அவள் தோளில் முகம் வைத்தபடி. "இந்தக் கை இருக்கறதே தெரியல."

சுவரில் அந்தச் சின்ன நிழல் இன்னும் கைகளை நீட்டியபடியே நின்றிருந்தது. அதில் ஒரு கை, தோளோடு வெட்டுப்பட்டு, துணித்துண்டுபோல சுவரிலிருந்து மடிந்து தொங்கியது. கத்தரி அவசரமில்லாமல் கோட்டைப் பிடித்துக்கொண்டு கழுத்துப் பக்கம் திரும்பியது.