உப்பு குறையும் தொட்டி

கீ... கீ... கீ...

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு அவன் குளியலறையிலிருந்து ஓடி வந்தான். படுக்கையறையில், கட்டிலுக்கு எதிரே இருந்த மீன்தொட்டியின் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அது கத்தும். நேற்றும் கத்தியது. முந்தாநாளும்.

"உங்க ரெண்டாவது சம்சாரம் கூப்பிடுறா, போய் என்னன்னு கேளுங்க" என்றாள் மனைவி, படுத்தபடியே.

இருபது லிட்டர்தான் தொட்டி. அவளுக்காகவே வைத்தது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. இப்போது ஐந்தாம் மாதம். கழிவறைக்குத் தவிர கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவரையே வெறித்துக்கொண்டு கிடப்பவளுக்குப் பார்க்க ஏதாவது இருக்கட்டுமே என்று உப்புக் கலவையை அளந்து கரைத்தான். கடலிலிருந்து வந்த பாறைத் துண்டுகள் இரண்டை அடுக்கி, ஒரு மாதம் பொறுத்து, சட்டைப் பொத்தான் அளவு உயிருள்ள பவளங்களை ஒட்டினான். ஒரே ஒரு கோமாளி மீன். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளன் அவன். அளப்பது கைவந்த வேலை.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டு, ஒரு சொட்டு எடுத்து உப்புமானியில் பார்த்தான். முப்பத்தைந்து இருக்க வேண்டும். முப்பது.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். முப்பது.

மீன்கடைக்காரருக்கு போன் போட்டான்.

"சார், தண்ணி ஆவியாப் போனா உப்பு தொட்டியிலதான் நிக்கும். நீங்க நல்ல தண்ணி ஊத்துனா அளவு பழையபடி வந்துடணும். உப்பு குறையுதுன்னா உப்புத்தண்ணியே வெளிய போகுது. ஒழுகுது சார்!"

"தரை காஞ்சு கிடக்கே."

"அப்போ மீனுதான் பக்கெட்ல மொண்டு ஊத்துதோ என்னமோ. நல்லாப் பாருங்க சார்."

தொட்டியின் அடியில், இணைப்புகளில், மேசைக் கால்களில் காகிதத்தை ஒற்றி ஒற்றி எடுத்தான். ஈரமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ ஒழுகி, அவள் கழிவறைக்குப் போகும்போது கால் வழுக்கினால்?

"இறங்கணும்னா எனக்கு போன் பண்ணு. சாப்பாடு கட்டில் பக்கத்துலயே இருக்கு."

"இன்னிக்காவது உப்பு போட்டீங்களா?"

போட்டிருந்தான். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

ஆய்வகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குடுவையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்த்தான். குழாய் சொட்டினால் எழுந்து போய் இறுக்கினான். பதினொரு மணிக்கு, தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவள் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தான். நல்ல வெயில் நேரத்தில், திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டு, வீடு முழுக்கக் கவிச்சி வாடை. படுக்கையறைக் கதவின் இடுக்கிலிருந்து தொட்டியின் நீல வெளிச்சம் கோடாக விழுந்து தரையில் நெளிந்தது. அதற்குள்ளிருந்து, நிதானமாக, ஒரே சீராக ஒரு சத்தம்.

மடக். மடக். மடக்.

கதவைத் தள்ளினான்.

கட்டில் காலி.

தொட்டியை இரு கையாலும் அணைத்தபடி அவள் மண்டியிட்டிருந்தாள். கூந்தல் தண்ணீரில் மிதந்தது. உதடுகள் நீர்மட்டத்தில். தொண்டை ஏறி இறங்கியது. கை நிழல் பட்டாலே சுருங்கும் பவளங்கள் அவள் முகத்துக்கு நேரே அகல விரிந்திருந்தன.

அலாரம் அலறியது. அவள் குடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏய்... என்ன பண்றே?"

திரும்பினாள். உதட்டோரம் வெள்ளையாக உப்பு. நனைந்த நைட்டி வயிற்றோடு ஒட்டியிருந்தது.

துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது. உதை இல்லை. மெல்ல விரிந்தது. விரல் விரலாக. ஐந்து. பத்து. இருபது.

எண்ண முடியவில்லை.

அத்தனையும், ஒரே சமயத்தில், நீல வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தன.

அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்துச் சிரித்தாள்.

"குடிக்கிறது நான் இல்லீங்க, இவன்தான்... இனிமே நல்ல தண்ணி கலக்காதீங்க, இவனுக்கு ஒத்துக்கல."